அமெரிக்க அதிபர்களுக்கு யார் மார்க் போடுவது?

போன மாதம் ஒரு பதிலில் போகிறபோக்கில் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் தங்கமான மனிதர் என்று இரண்டு வரி எழுதப்போக, "நல்ல மனுஷன் வேறு, நல்ல அதிபர் வேறு" என்று அதைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் குவிந்துவிட்டன. சரி, இந்த இதழ் முழுக்க அமெரிக்க அதிபர்களுக்கே என்று முடிவு செய்தாயிற்று. இப்போது பதவியில் இருப்பவரைப் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இறங்கிப் போனவர்களுக்கு மட்டும்தான் இங்கே இடம்.

கே.எஸ்., விருதுநகர்: வரலாற்றுப் பேராசிரியர்கள் அவ்வப்போது அதிபர்களுக்கு ரேங்க் போட்டுப் பட்டியல் வெளியிடுகிறார்களே, அதையெல்லாம் நம்பலாமா?

பதில்: அந்தப் பட்டியல் எந்த வருஷம் போட்டது என்று முதலில் பாருங்கள். 1948-ல் ஆர்தர் ஷ்லெசிங்கர் என்ற ஹார்வர்டு பேராசிரியர் 55 பேரிடம் கேட்டு 'லைஃப்' பத்திரிகையில் ஒரு பட்டியல் போட்டார். இந்த வழக்கமே அதிலிருந்துதான் ஆரம்பம். அதில் யுலிசஸ் கிரான்ட் 'தோல்வி' என்று முத்திரை குத்தப்பட்டு அடிமட்டத்தில் கிடந்தார். சி-ஸ்பான் தொலைக்காட்சி 2000-ல் எடுத்த கணிப்பில் அவருக்கு 33-ஆவது இடம், 2021-ல் 20-ஆவது இடம். மனிதர் 1885-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார், இந்த இருபது வருஷத்தில் புதிதாக ஒன்றும் சாதிக்கவில்லை! முன்பெல்லாம் கிரான்ட் என்றால் அவரைச் சுற்றியிருந்தவர்களின் ஊழல்தான் பாடம். அடிமை முறைக்காக வட, தென் மாநிலங்கள் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போருக்குப் பிறகு கறுப்பின மக்களை வேட்டையாடித் திரிந்த கூ க்ளக்ஸ் கிளானை ஒடுக்க 1871-ல் சட்டம் கொண்டுவந்து, தென் கரோலினாவில் ராணுவத்தை இறக்கி நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்து உள்ளே தள்ளினாரே, அது இப்போதுதான் பாடத்தில் ஏறியிருக்கிறது. அதே காலத்தில் உட்ரோ வில்சன் 6-லிருந்து 13-க்கும், ஆண்ட்ரூ ஜாக்சன் 13-லிருந்து 22-க்கும் இறங்கிவிட்டார்கள். வில்சன் ஆட்சியில் அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியாகப் பிரித்து உட்கார வைத்தது யாரோ புதிதாகத் தோண்டியெடுத்த ரகசியமில்லை, 1913-லேயே பலர் கண்டித்து எழுதிய சங்கதி.

எனக்கு இந்தப் பட்டியல்களோடு இருக்கிற பிணக்கு வேறு. சி-ஸ்பான்காரர்கள் பத்துத் தலைப்பில் மார்க் வாங்குகிறார்கள்: நெருக்கடியைச் சமாளித்தது, பொருளாதாரம், காங்கிரஸோடு (அவர்கள் ஊர் நாடாளுமன்றம்) அனுசரித்துப் போனது, அறநெறித் தகுதி, எல்லோருக்கும் சம நீதி என்று போகிறது. அப்புறம் எல்லாவற்றையும் கூட்டிவிடுகிறார்கள். கணக்கில் நூறு வாங்கிய பையன் தமிழில் ஃபெயிலானது மொத்த மார்க்கில் தெரியாமல் போவதுபோல, யாருடைய வீட்டில் இழவு விழுந்தது என்பது கூட்டுத்தொகையில் காணாமல் போய்விடுகிறது.

ம.செ., சிதம்பரம்: ஜார்ஜ் வாஷிங்டன் அடிமைகள் வைத்திருந்தார் என்று இப்போது திட்டுகிறார்கள். அந்தக் காலத்தில் எல்லோரும்தானே வைத்திருந்தார்கள்? இன்றைய அளவுகோலை 200 வருஷத்துக்கு முந்தையவர்மேல் வைப்பது நியாயமா ஐயா?

பதில்: நியாயமில்லை. அன்றைய அளவுகோலையே எடுத்துக்கொள்வோம்.

வாஷிங்டன் அதிபராக இருந்தபோது பெரும்பாலான காலம் தலைநகரம் பிலடெல்பியா. பென்சில்வேனியா மாநிலத்தில் 1780-லேயே ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். வெளியிலிருந்து அழைத்துவரப்பட்ட அடிமை ஆறு மாதம் தொடர்ந்து அங்கே இருந்துவிட்டால் விடுதலை கேட்கலாம். வாஷிங்டன் என்ன செய்தார்? ஆறு மாதம் முடிவதற்குள் ஆட்களை எல்லைக்கு அப்பால் ஒரு நடை அனுப்பிவிட்டுத் திரும்ப வரவழைத்துக்கொண்டார், கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். 1791 ஏப்ரலில் தன் செயலாளர் டோபையஸ் லியருக்கு எழுதிய கடிதத்தில், இது அந்த ஆட்களுக்கும் தெரியக்கூடாது, ஊருக்கும் தெரியக்கூடாது, ஏதாவது சாக்கு சொல்லிச் செய்யுங்கள் என்கிறார். அந்தக் காலத்தில் யாரும் இதைத் தப்பாக நினைக்கவில்லை என்றால், அவர் யாரிடமிருந்து மறைத்தார்?

1796 மே மாதம், குடும்பம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, மார்த்தா வாஷிங்டனுக்கு உடுத்திவிட்டுப் பணிவிடை செய்துகொண்டிருந்த ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் வீட்டைவிட்டு வெளியேறிக் கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயருக்குப் போய்விட்டாள். மார்த்தாவின் பேத்திக்குத் தன்னைக் கல்யாணப் பரிசாகக் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் எடுத்த முடிவு. நாட்டின் அதிபர் ஒரு சுங்க அதிகாரியை அனுப்பி அவளைத் தேட வைத்தார். அவரும் கண்டுபிடித்துப் பேசினார். உங்கள் காலத்துக்குப் பிறகு எனக்கு விடுதலை என்று உறுதி சொன்னால் திரும்பி வருகிறேன் என்றாள் அவள். முடியாது என்று வாஷிங்டன் பதில் எழுதினார்: அப்படிச் செய்தால் விசுவாசமில்லாதவளுக்குப் பரிசு கொடுத்த மாதிரி ஆகிவிடுமாம், மற்றவர்கள் மனமும் கெட்டுவிடுமாம். ஓனா போகவே இல்லை. 1848-ல் சாகும்வரை சட்டப்படி தப்பியோடிய அடிமையாகவே, ஏழையாகவே வாழ்ந்தாள்.

அதே வர்ஜீனியாவில், வாஷிங்டனைப் போலவே பெரிய பண்ணைக்காரர் ராபர்ட் கார்ட்டர் என்பவர் 1791-ல் பத்திரம் எழுதி, 450-க்கும் மேற்பட்ட தன் அடிமைகளைப் படிப்படியாக விடுவிக்க ஆரம்பித்தார். அவரும் "அந்தக் காலம்"தானே? அப்புறம், 'அந்தக் காலத்தில் எல்லோரும்' என்று நாம் சொல்லும்போது ஓனா ஜட்ஜ் அந்த 'எல்லோரு'க்குள் வருகிறாளா இல்லையா என்பதையும் யோசியுங்கள்.

வாஷிங்டன் உயிலில் தனக்குச் சொந்தமான 123 பேரை விடுவித்தார், அது உண்மை. இரண்டு தடவை போதும் என்று தானாக நாற்காலியைவிட்டு இறங்கினார், அது சின்ன விஷயமே இல்லை. அந்தக் காலத்தில் அந்த இடத்தில் இருந்தவர்கள் இறங்க மாட்டார்கள்.

ஜாக்சனுக்கும் இதே வாதத்தைச் சொல்வார்கள். செவ்விந்திய மக்களை அவர்கள் மண்ணிலிருந்து மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே துரத்த வழிசெய்த 1830-ஆம் வருஷச் சட்டம் பிரதிநிதிகள் சபையில் 102-க்கு 97 ஓட்டில்தான் தப்பிப் பிழைத்தது. 97 பேர் எழுந்து இது அநியாயம் என்று ஓட்டுப் போட்ட காலத்தை "அப்போது யாருக்கும் தெரியாது" என்று சொல்ல முடியாது. செரோகி மக்களில் சுமார் 4,000 பேர் 1838-39-ல் அந்தத் துரத்தலில் செத்தார்கள்.

வாசகர், ஓசூர்: தேர்தலில் சொன்னதையெல்லாம் செய்துகாட்டிய அதிபர் யாராவது உண்டா?

பதில்: ஜேம்ஸ் போல்க். 1845 முதல் 1849 வரை. இறக்குமதி வரியைக் குறைப்பேன், அரசுக் கருவூலத்தைத் தனியார் வங்கிகளிடமிருந்து பிரிப்பேன், பிரிட்டனோடு இருக்கிற ஆரிகன் எல்லைத் தகராறை முடிப்பேன், கலிஃபோர்னியாவைச் சேர்ப்பேன், ஒரே ஒரு தடவைதான் இருப்பேன் என்றார். ஐந்தும் நடந்தது. வேலை செய்து செய்தே தேய்ந்து, இறங்கிய மூன்று மாதத்தில் இறந்தும்போனார்.

கலிஃபோர்னியாவை விற்க மெக்சிகோ மறுத்தது. தகராறில் இருந்த நிலத்துக்குள் படையை அனுப்பி நிறுத்தினார், சண்டை மூண்டது, அமெரிக்க மண்ணில் அமெரிக்க ரத்தம் சிந்திவிட்டது என்று காங்கிரஸில் போய் நின்றார். எந்த இடத்தில் சிந்தியது, அந்த இடத்தைக் கொஞ்சம் காட்டுங்கள் என்று 1847-ல் ஒரு புது உறுப்பினர் தீர்மானம் கொண்டுவந்து கேட்டார். அவர் பெயர் ஆபிரகாம் லிங்கன். யாரும் கண்டுகொள்ளவில்லை. டெக்சாஸையும் சேர்த்தால் மெக்சிகோ தன் நிலத்தில் பாதிக்கு மேல் இழந்தது. கிடைத்த நிலத்தில் அடிமை முறை உண்டா இல்லையா என்ற சண்டைதான் முற்றி உள்நாட்டுப் போரில் போய் நின்றது. போல்க் வெள்ளை மாளிகையில் இருந்துகொண்டே தன் மிசிசிப்பிப் பண்ணைக்கு ஆள்வைத்து, தன் பெயர் வெளியே வராமல், சிறுவர் சிறுமிகள் உட்பட அடிமைகளை வாங்கிக்கொண்டும் இருந்தார். திறமைக்கு மட்டும் மார்க் என்றால் நூற்றுக்கு நூறு.

க.ப., கோபிசெட்டிபாளையம்: ரேஷனில் அமெரிக்கக் கோதுமை வாங்கிய காலத்தை எங்கள் அப்பா இன்றும் சொல்வார். ஜான்சன்தான் அனுப்பினார் என்பார். அந்த ஜான்சனைத்தான் வியட்நாமுக்காக எல்லோரும் திட்டுகிறார்கள். அவர் நல்லவரா, கெட்டவரா?

பதில்: பட்டியல்காரர்களைத் திணறடிப்பதில் லிண்டன் ஜான்சனை மிஞ்ச ஆள் இல்லை. டெக்சாஸ்காரர். 1937-லிருந்து இருபது வருஷம் காங்கிரஸில் உட்கார்ந்து, கறுப்பின மக்களின் உரிமைக்கான மசோதாக்களுக்கு எதிராகவே கை தூக்கியவர். 1963 நவம்பரில் கென்னடி சுடப்பட்டு நாற்காலி இவருக்கு வந்தது. ஐந்தே நாளில் காங்கிரஸில் நின்று, கென்னடிக்கு அஞ்சலி செலுத்த வேண்டுமானால் அவருடைய சிவில் உரிமை மசோதாவை நிறைவேற்றுங்கள் என்றார்.

காங்கிரஸின் மேலவையான செனட்டில் தென் மாநிலத்தார் பேசிப் பேசியே மசோதாவைச் சாகடிப்பதில் கெட்டிக்காரர்கள். வாரக்கணக்கில் இழுத்தார்கள். ஜான்சன் எதிர்க்கட்சித் தலைவர் டர்க்ஸனைப் பிடித்தார், புகழ்ந்தார், பெருமை முழுக்க உனக்கே என்று விட்டுக்கொடுத்தார். 1964 ஜூன் 10-ஆம் தேதி பேச்சை முடித்துவைப்பதற்கான ஓட்டெடுப்பு. மூளையில் கட்டி வந்து பேச்சிழந்திருந்த கலிஃபோர்னியா செனட்டர் கிளேர் எங்கிளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பெயரைக் கூப்பிட்டதும் வாய் வரவில்லை, மெதுவாகக் கையைத் தூக்கிக் கண்ணைத் தொட்டுக் காட்டித் தன் ஓட்டைப் போட்டார் (ஆங்கிலத்தில் கண்ணுக்கும் 'ஆம்' ஓட்டுக்கும் ஒரே உச்சரிப்பு, 'ஐ'). 71-க்கு 29. அடுத்த மாதம் அவர் இறந்துபோனார். 1965-ல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அதற்கு அலபாமாவின் செல்மாவில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போய் அடிவாங்கிய ஜனங்கள்தான் முதல் காரணம், ஆனால் அந்த வலியைச் சட்டமாக்கித் தர அந்த நாற்காலியில் ஒரு ஓட்டு வேட்டைக்காரர் தேவைப்பட்டார். முதியவர்களுக்கு மருத்துவக் காப்பீடு அதே வருஷம். குடியேற்றச் சட்டமும் அதே வருஷம். அதற்கு முன்பு இந்தியாவுக்கு வருஷத்துக்கு 100 பேர் என்று வைத்திருந்த ஒதுக்கீடு அதோடு போயிற்று, இன்று நியூ ஜெர்சியில் பொங்கல் வைப்பவர்கள் ஜான்சனை ஒரு தடவை நினைத்துக்கொள்ளலாம்.

இனி மறுபக்கம். 1964 மே 27-ஆம் தேதி தொலைபேசியில் தன் ஆலோசகர் பண்டியிடம் வியட்நாமைப் பற்றிப் பேசுகிறார். இதற்காகச் சண்டை போடுவது வீண் என்றே எனக்குப் படுகிறது, ஆனால் வெளியே வரவும் வழி தெரியவில்லை என்று சொல்கிறார். ஒலிப்பதிவு இருக்கிறது, இன்றும் கேட்கலாம். அதே வருஷம் ஆகஸ்டில் டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்களை வட வியட்நாம் இரண்டாவது தடவையும் தாக்கிவிட்டது என்று சொல்லிப் போர் அதிகாரம் கேட்டார். அப்படி இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை. செனட் 88-க்கு 2 ஓட்டில் கொடுத்தது. சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டு ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. ஓட்டுச் சேர்க்கும் அதே சாமர்த்தியம், அதே கை. 1968 முடிவில் ஐந்து லட்சத்துக்கு மேல் அமெரிக்கச் சிப்பாய்கள் அங்கே. அந்தப் போர் முடிவதற்குள் 58,000-க்கும் மேல் அமெரிக்கர்கள் செத்தார்கள், வியட்நாமியர் பல லட்சம். தெரியாமல் செய்தவரை மன்னிக்கலாம். இவர் வீண் என்று தெரிந்தே அனுப்பினார், தோற்றுப்போனவன் என்ற பெயர் தனக்கு வரக்கூடாது என்பதற்காக. என்னால் இதைத் தாண்டிப் போக முடியவில்லை.

உங்கள் அப்பாவின் கோதுமைக்கு வருகிறேன். 1965-லும் 66-லும் இந்தியாவில் மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமை விளைச்சலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நமக்கு வந்தது, ஜான்சன் அனுப்பினார் என்பது சரி. ஆனால் மொத்தமாக ஒப்பந்தம் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு கப்பலுக்கும் தானே தலையசைத்து அனுப்பினார். இந்தியாவில் எங்கே மழை பெய்தது என்று வரைபடம் வைத்துப் பார்ப்பாராம். விவசாயத்துக்குப் பணம் ஒதுக்கு என்பது ஒரு நிபந்தனை. வியட்நாம் குண்டுவீச்சை இந்திரா காந்தி கண்டித்தால் கப்பல் தாமதமாகும், அது எழுதப்படாத நிபந்தனை. 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க விவசாய அமைச்சரோடு உட்கார்ந்து, விவசாயத்துக்கு முன்னுரிமை என்று சத்தமில்லாமல் உடன்பாடு செய்தவர் நம் உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம். அதிக விளைச்சல் தரும் மெக்சிகோ கோதுமை விதையைத் தன் டெல்லி பங்களாவின் புல்வெளியிலேயே விதைத்துக் காட்டியவரும் அவர்தான். பசுமைப் புரட்சிக்கு ஜான்சன் காரணம் என்று சிலர் எழுதுவது எனக்கு ஒப்பில்லை. சுப்பிரமணியம் முதலிலேயே அந்த முடிவில்தான் இருந்தார். 1967 தேர்தலில் அரிசித் தட்டுப்பாட்டுக் கோபத்தில் உங்கள் ஊர்த் தொகுதியிலேயே அவரைத் தோற்கடித்தும் விட்டீர்கள்!

நல்லவரா கெட்டவரா என்றால், ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் கழிக்க மாட்டேன். வாக்குரிமை கிடைத்த அலபாமாக் கிழவிக்கு வியட்நாமைக் காட்டி நீ நன்றி சொல்லாதே என்று சொல்ல முடியாது. வியட்நாம்காரரிடம் போய் வாக்குரிமைச் சட்டத்தை நினைத்துப் பொறுத்துக்கொள் என்றும் சொல்ல முடியாது.

ச.வெ., தஞ்சாவூர்: யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாத அதிபர்?

பதில்: வில்லியம் ஹென்றி ஹாரிசன். 1841-ல் பதவியேற்று 31 நாளில் காலமானார், தீங்கு செய்ய நேரம் கிடைக்கவில்லை. ஆனால் அதிபராவதற்கு முன்பு இந்தியானாவில் ஆளுநராக இருந்தபோது, 1809-ல் ஒரே ஒப்பந்தத்தில் செவ்விந்தியர்களிடமிருந்து சுமார் 30 லட்சம் ஏக்கரை எழுதி வாங்கியவர். ஆகவே அவரும் தேறவில்லை.

பெயர் வேண்டாம், மதுரை: கார்ட்டர் தங்கமான மனிதர், ஆனால் உதவாத அதிபர் என்று நீங்களே எழுதினீர்கள். இப்போதும் அதே கருத்துதானா?

பதில்: நான் எழுதியது முதல் பாதி மட்டும்தான், இரண்டாம் பாதி கடிதம் எழுதியவர்கள் சேர்த்தது. 1978 செப்டம்பரில் எகிப்து அதிபர் சதாத்தையும் இஸ்ரேல் பிரதமர் பெகினையும் கேம்ப் டேவிட் மலை விடுதியில் 13 நாள் அடைத்துவைத்துப் பேசினார். கடைசி நாளில் பெகின் மூட்டை கட்டிவிட்டார். பேரக்குழந்தைகளுக்கு அதிபரின் படம் வேண்டும் என்று பெகின் கேட்டிருந்தது நினைவு இருந்ததால், ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டு, கார்ட்டரே எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனார். பெகின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார், கண் கலங்கியது, பேச்சு மறுபடி தொடங்கியது. எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் அதற்குப் பிறகு போரே வரவில்லை. இதைச் செய்தவரை உதவாத அதிபர் என்று எப்படிச் சொல்வது?

விலைவாசியை அடக்க 1979-ல் பால் வோல்க்கரை மத்திய வங்கித் தலைவராகக் கொண்டுவந்து வட்டி ஏற இடம் கொடுத்தார், அந்த வட்டியிலேயே தேர்தலில் அடிபட்டார். விலை இறங்கிய பெயர் அடுத்து வந்த ரீகனுக்குப் போனது. ஈரானில் 52 அமெரிக்கர்கள் 444 நாள் பிணைக்கைதிகளாக இருந்தது மீதியைக் கெடுத்தது.

எனக்கு அவரிடம் குறை வேறு இடத்தில். மனித உரிமைதான் என் வெளியுறவுக் கொள்கை என்றவர் காலத்தில், கிழக்குத் தீமோரை விழுங்கிக் கொண்டிருந்த இந்தோனேசியாவுக்கு அமெரிக்க விமானங்களும் ஆயுதங்களும் போய்க்கொண்டுதான் இருந்தன. இதை அவருடைய நல்ல மனசு தடுக்கவில்லை. பதவிக்குப் பிறகு அவர் செய்ததையும் இங்கே சேர்க்காதீர்கள். கினிப்புழு நோய் 1986-ல் 35 லட்சம் பேருக்கு இருந்தது, அவருடைய அமைப்பு இறங்கிய பிறகு 2023-ல் 14 பேர். மகத்தான காரியம், ஆனால் அது அதிபர் கார்ட்டர் கணக்கில் வராது.

அ.ந., காரைக்குடி: நிக்சன் என்றால் எல்லோரும் வாட்டர்கேட் என்கிறார்கள். சீனாவோடு கைகுலுக்கியது எவ்வளவு பெரிய சாதனை?

பதில்: பெரிய சாதனைதான். அதற்கு வழி எது என்றும் பாருங்கள். சீனாவுக்குச் சேதி கொண்டுபோன தபால்காரர் பாகிஸ்தானின் ராணுவ ஆட்சியாளர் யாஹ்யா கான். 1971 ஜூலையில் நிக்சனின் ஆலோசகர் கிஸ்ஸிங்கர் ரகசியமாகப் பெய்ஜிங் போனதும் பாகிஸ்தானிலிருந்துதான், வயிற்று வலி என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டு. அந்த நேரத்தில் யாஹ்யாவின் படை கிழக்குப் பாகிஸ்தானில் வங்காளிகளைக் கொன்று குவித்துக்கொண்டிருந்தது. டாக்காவில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட் ஏப்ரல் 6-ஆம் தேதியே, நம் அரசு அறவே மனசாட்சி இல்லாமல் நடந்துகொள்கிறது என்ற பொருளில் தந்தி அனுப்பினார், கூட வேலை பார்த்தவர்கள் இருபது பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நிக்சன் செய்தது, பிளட்டை அந்தப் பதவியிலிருந்து தூக்கியது. ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். டிசம்பரில் எண்டர்பிரைஸ் என்ற விமானந்தாங்கிப் போர்க்கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பி நம்மை மிரட்டியதும் இதன் தொடர்ச்சிதான்.

எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் புகுந்ததை மூடிமறைத்த வாட்டர்கேட்டுக்கு அவர் 1974-ல் பதவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. டாக்காவுக்கு எந்த விலையும் கொடுக்கவில்லை. ஓட்டு கேட்கும் கட்சியின் கதவை உடைத்ததற்கு அமெரிக்காவில் தண்டனை உண்டு, ஓட்டு இல்லாத ஊரில் நடந்ததற்கு யாரும் கேட்பதில்லை.

தி.ம., நாகர்கோவில்: அதிபரின் படுக்கையறை விவகாரங்களை ஏன் தோண்ட வேண்டும்? வேலையைப் பார்த்தால் போதாதா?

பதில்: பெரும்பாலும் உங்கள் கட்சிதான் நான். கென்னடியின் காதல் கதைகள் கியூபா நெருக்கடியில் யாரையும் கொல்லவில்லை. ஆனால் எது 'சொந்த விஷயம்' என்பதில் கவனம் வேண்டும். தாமஸ் ஜெஃபர்சனுக்கும் சாலி ஹெமிங்ஸுக்கும் பிறந்த குழந்தைகள் விஷயத்தை நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் வதந்தி என்று ஒதுக்கிவைத்தார்கள். 1998-ல் டிஎன்ஏ பரிசோதனை வந்தபிறகு பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். சாலி அவருடைய அடிமை, சட்டப்படி சொத்து. வேண்டாம் என்று சொல்ல உரிமையில்லாத ஒருத்தியோடு நடந்ததை எந்தக் கணக்கில் சொந்த விஷயம் என்பது?

ரா.கு., கோயம்புத்தூர்: ஜார்ஜ் புஷ் (மகன்) ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் நோயாளிகளைக் காப்பாற்றினார் என்று ஒரு நண்பர் வாதாடுகிறார். இராக்கை மறந்துவிடலாமா?

பதில்: மறக்க வேண்டியதில்லை, நண்பர் சொல்வதும் உண்மை. வேடிக்கை என்னவென்றால் இரண்டும் ஒரே பேச்சில் வந்தவை. 2003 ஜனவரி 28-ஆம் தேதி காங்கிரஸில் நின்று, எய்ட்ஸுக்காக ஐந்து வருஷத்தில் 1,500 கோடி டாலர் என்று அறிவித்தார். மருந்துச் செலவு ஆளுக்கு வருஷத்துக்கு 12,000 டாலரிலிருந்து 300 டாலருக்கும் கீழே வந்துவிட்டது, இனி சாக்கு சொல்ல முடியாது என்றார். அந்த விலை இறங்கியதற்கு முக்கியக் காரணம் மும்பை சிப்லா போன்ற நம் ஊர் மருந்துக் கம்பெனிகள். அதே பேச்சில், கொஞ்ச நேரம் கழித்து, இராக் அதிபர் சதாம் அணுகுண்டுக்காக ஆப்பிரிக்காவில் யுரேனியம் தேடினார் என்றார். அது பொய்த்தகவல் என்று பிறகு வெள்ளை மாளிகையே பின்வாங்கியது. இரண்டு மாதத்தில் இராக் போர், தேடிய ஆயுதம் கிடைக்கவே இல்லை.

எய்ட்ஸ் திட்டம் இரண்டரைக் கோடி உயிர்களைக் காப்பாற்றியது என்பது அமெரிக்க அரசின் கணக்கு. பாதியென்று வைத்தாலும் எந்த அதிபரும் கிட்டே வர முடியாது. உயிரை உயிரால் கழித்தால் புஷ் லாபத்தில்தான் நிற்பார், உங்கள் நண்பர் அதைத்தான் சொல்கிறார். டாக்டராக இருந்து ஆயிரம் பேரைப் பிழைக்கவைத்தவர் கொலை வழக்கில் மாட்டினால் நீதிபதி அந்த ஆயிரத்தைக் கழித்துக்கொள்வாரா என்று அவரையே கேளுங்கள்.

இ.மே., திண்டுக்கல்: லிங்கனையாவது குறையில்லாதவர் என்று விட்டுவைப்பீர்களா?

பதில்: மாட்டேன். ஆனால் ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் இவரைத்தான் எடுப்பேன்.

1862-ல் மினசோட்டாவில் வரவேண்டிய மானியம் வராமல் பட்டினி கிடந்த டகோட்டா செவ்விந்தியர்கள் கிளர்ந்தெழுந்து நூற்றுக்கணக்கான குடியேறிகளைக் கொன்றார்கள். ராணுவ விசாரணை நடந்தது, சில வழக்குகள் ஐந்து நிமிஷம்கூட நடக்கவில்லை. 303 பேருக்குத் தூக்கு. எல்லோரையும் தொங்கவிடு என்று மாநிலமே கொதித்தது. உள்நாட்டுப் போர் நடுவே, லிங்கன் அந்த வழக்குக் கட்டுகளை வாஷிங்டனுக்கு வரவழைத்து ஒவ்வொன்றாகப் பார்க்க வைத்தார். சண்டையில் கலந்துகொண்டவர் யார், ஊர் மக்களைக் கொன்றவர் யார் என்று பிரித்து 39 பெயர்களைத் தன் கையாலேயே எழுதினார். கேட்டுப் பழகாத பெயர்கள், ஒன்றுபோலவே இருக்கும். ஒருவருக்குப் பதில் மற்றொருவர் தொங்கிவிடக் கூடாது என்ற கவலை. அப்படியும் அந்தத் தவறு நடந்தது என்கிறார்கள். கடைசி நேரத்தில் ஒருவருக்கு நிறுத்திவைத்து, டிசம்பர் 26-ஆம் தேதி மான்கேட்டோவில் 38 பேரை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். அமெரிக்காவில் ஒரே நாளில் நடந்த மிகப்பெரிய மரண தண்டனை அதுதான். அதில் இருப்பது லிங்கனின் கையெழுத்து. அடுத்த வருஷம் மிச்சமிருந்த டகோட்டா மக்களை மாநிலத்தைவிட்டே துரத்திய சட்டமும் அவர் காலத்தில் வந்ததுதான்.

இன்னும் நிறையப் பேரைத் தூக்கில் போட்டிருந்தால் 1864 தேர்தலில் உங்களுக்கு இன்னும் ஓட்டு விழுந்திருக்கும் என்று மினசோட்டாக்காரர் ஒருவர் பிறகு அவரிடம் சொன்னார். ஓட்டுக்காக ஆட்களைத் தூக்கில் போட என்னால் முடியாது என்றாராம். 265 பேர் பிழைத்ததையும் 38 பேர் தொங்கியதையும் ஒரே கையெழுத்தில் வைத்துத்தான் அவரைப் பார்க்கிறேன். மற்றவர்களிடம் எனக்குக் கிடைக்காதது அந்தக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்த பொறுமை.

வாசகி, தேனி: கடைசி இடம் யாருக்கு? ஒரே பெயர் சொல்லுங்கள்.

பதில்: பேராசிரியர்கள் ஜேம்ஸ் பியூகேனனைச் சொல்வார்கள், நாடு உடைந்துகொண்டிருந்தபோது கையைக் கட்டிக்கொண்டு இருந்தவர். என் ஓட்டு லிங்கனுக்குப் பின்னால் வந்த ஆண்ட்ரூ ஜான்சனுக்கு. இவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை, மும்முரமாக வேலை பார்த்தார். விடுதலையான கறுப்பின மக்களுக்கு ராணுவம் பிரித்துக் கொடுத்திருந்த நிலத்தை 1865-லேயே பழைய எஜமானர்களிடம் திருப்பிக் கொடுத்தார். 1866-ல் வந்த சிவில் உரிமைச் சட்டத்தை ரத்து அதிகாரத்தால் தடுக்கப் பார்த்தார், காங்கிரஸ் அதை மீறி நிறைவேற்ற வேண்டியிருந்தது. 1868-ல் பதவி நீக்கத் தீர்மானம் வந்து, செனட்டில் ஒரே ஒரு ஓட்டில் தப்பினார். 1875-ல் டென்னசிக்காரர்கள் அவரை அதே செனட்டுக்கு உறுப்பினராக அனுப்பி வைத்தார்கள்.